லினக்ஸில் ஓடும் விலை குறைந்த வெப்கேம் வேண்டுமா? பெட்டியில் தேட வேண்டிய மூன்று எழுத்து!

நாளைக் காலை 11 மணிக்கு வீடியோ இன்டர்வியூ. சட்டை அயர்ன் பண்ணியாச்சு. ரெஸ்யூமே ரெடி. நெட் வேகமும் ஓகே. எதற்கும் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம் என்று முந்தைய இரவு மீட்டிங் பக்கத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் முகம் வர வேண்டிய கட்டத்தில் வெறும் கறுப்பு. கீழே 'கேமரா கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. அன்று மாலைதான் 900 ரூபாய் கொடுத்து வாங்கி வந்த புத்தம்புது வெப்கேம் அது. கடைக்குப் போன் போட்டால், "விண்டோஸ்ல மாட்டிப் பாருங்க சார், ஓடும்" என்கிறார்கள். உங்கள் கணினியில் இருப்பதோ லினக்ஸ்!

இந்தத் தலைவலி இனி அதிகம் பேருக்கு வரும். காரணம், விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். ஏழெட்டு வருடப் பழைய கணினிகள் பலவற்றில் இது கிடையாது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட மனம் வராதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்களுக்கு மாறுகிறார்கள். தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது என்பதால், நம்மில் பலருக்கு லினக்ஸ் முகம் தெரியாத ஆளும் இல்லை.

சிஸ்டம் இலவசமாகக் கிடைத்துவிட்டது. கேமரா? "லினக்ஸுக்கு எந்த பிராண்டு நல்லா ஓடும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வேலை சுலபம். பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் 'யுவிசி' என்ற மூன்று எழுத்தைப் பாருங்கள். அது இருந்தால், இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே காரியம் முடிந்துவிடும். வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தால் செலவே இல்லாமலும் முடிக்கலாம். எப்படி என்று பார்க்கலாம், வாங்க.

லினக்ஸில் கேமரா ஏன் அடம்பிடித்தது?

செல்போன் வந்த புதிதில் ஒவ்வொரு கம்பெனி போனுக்கும் ஒவ்வொரு சார்ஜர் இருந்தது நினைவிருக்கிறதா? மெல்லிய பின், தடித்த பின், பட்டைப் பின். பக்கத்து வீட்டில் சார்ஜர் கடன் கேட்டால், "உங்களுது என்ன போன்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வெப்கேம்களின் ஆரம்ப காலமும் அப்படித்தான். கேமராவுக்குள் இருக்கும் சிப் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தது. அதைக் கணினிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு டிரைவர் மென்பொருள் வேண்டும். பெட்டியோடு ஒரு சிடி தருவார்கள். அதில் விண்டோஸுக்கு மட்டும்தான் டிரைவர் இருக்கும்.

லினக்ஸ் பயனாளர்கள் என்ன செய்தார்கள்? தாங்களே டிரைவர் எழுதினார்கள். பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் க்ஸார் என்பவர் தொழிலால் மருத்துவர். ஓய்வு நேரத்தில் அவர் உருவாக்கிய 'ஜிஎஸ்பிசிஏ' டிரைவர் மூலமாக மட்டும் 200-க்கும் மேற்பட்ட கேமரா மாடல்கள் லினக்ஸில் ஓடின. அந்த டிரைவர் 2008-ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. உங்கள் பரணில் 2005-ஆம் ஆண்டு வாங்கிய கேமரா கிடந்து, அது இன்றைய உபுண்டுவில் மாட்டியவுடன் ஓடினால், இவரைப் போன்றவர்களுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால், புதிதாகச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு கேமராவுக்கும் இப்படி யாராவது தூக்கம் கெட்டு உட்கார்ந்துகொண்டிருக்க முடியாது அல்லவா? அதற்கு நிரந்தரத் தீர்வாக வந்ததுதான் யுவிசி.

யுவிசி என்றால் என்ன?

'யுஎஸ்பி வீடியோ கிளாஸ்' என்பதன் சுருக்கம். யுஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பு 2003-ல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. விஷயம் இதுதான்: 'நான் ஒரு கேமரா. என்னால் இந்த இந்த அளவுகளில், நொடிக்கு இத்தனை படம் அனுப்ப முடியும். என் வெளிச்சத்தை இப்படிக் கூட்டலாம், குறைக்கலாம்' என்று எல்லா கேமராவும் ஒரே மாதிரி பாஷையில் கணினியிடம் சொல்ல வேண்டும். கணினியில் அந்த ஒரு பாஷை தெரிந்த ஒரே ஒரு டிரைவர் இருந்தால் போதும்.

பென் டிரைவை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி பென் டிரைவ் என்று பார்த்தா கணினியில் செருகுகிறோம்? செருகினால் திறக்கிறது. பென் டிரைவுக்கு ஒரு பொதுத் தரம் இருப்பதால்தான் அது நடக்கிறது. கேமராவுக்கு அந்தப் பொதுத் தரம் யுவிசி.

லினக்ஸுக்கான யுவிசி டிரைவரை எழுதியவர் லோரன் பின்ஷார். 2008 ஜூலையில் வெளியான லினக்ஸ் கெர்னல் 2.6.26-ல் அது சேர்ந்தது. அன்றிலிருந்து உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று எதை நிறுவினாலும் அந்த டிரைவர் கூடவே வருகிறது. தனியாக டவுன்லோடு செய்யவோ, சிடி போடவோ தேவையில்லை. ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கணினியிலும் இதே கதைதான்.

இன்று கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி வெப்கேம்களில் பெரும்பாலானவை யுவிசிதான். அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது. பெட்டியில் அதை எழுதாமல் விடுபவர்கள் உண்டு. யுவிசி என்று சொல்லிவிட்டு அரைகுறையாகச் செய்பவர்களும் உண்டு. இப்படி விதியை மீறும் கேமராக்களைச் சமாளிப்பதற்காகவே லினக்ஸ் டிரைவருக்குள் ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிச்சி தெருவில் நின்றாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, விவரக்குறிப்பில் இந்த வார்த்தைகளைத் தேடுங்கள்.

* யுவிசி: நேரடியாக எழுதியிருந்தால் யோசிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.
* 'டிரைவர் தேவையில்லை', 'பிளக் அண்ட் பிளே': பெரும்பாலும் யுவிசி என்றுதான் அர்த்தம். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது.
* 'குரோம் ஓஎஸ்' அல்லது 'குரோம்புக்': இதுதான் பலர் கவனிக்காத துப்பு. 'லினக்ஸில் ஓடும்' என்று எழுதத் தயங்கும் கம்பெனிகள்கூட 'குரோம்புக்கில் ஓடும்' என்று எழுதுகின்றன. குரோம் ஓஎஸ் இயங்குவதே லினக்ஸ் கெர்னலின் மேல்தான். அதில் ஓடும் யுஎஸ்பி கேமரா உங்கள் உபுண்டுவிலும் ஓடும் வாய்ப்பு மிக அதிகம்.
* 'டிரைவர் சிடி உள்ளே இருக்கிறது': மெதுவாகப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

நேரில் வாங்குபவர்களுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. உபுண்டு அல்லது மின்ட்டை ஒரு பென் டிரைவில் 'லைவ் யுஎஸ்பி' ஆகப் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் இருக்கும் ஒரு கணினியை அதிலிருந்து பூட் செய்தால், ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாமல் லினக்ஸ் திறக்கும். கேமராவைச் செருகிப் பார்த்துவிட்டு வாங்கலாம். "அண்ணே, ரெண்டு நிமிஷம் டெஸ்ட் பண்ணிக்கிறேன்" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லாத கடைக்காரர்கள் நிறையவே இருக்கிறார்கள். உங்கள் லேப்டாப்பையே தூக்கிப் போனால் இன்னும் நல்லது.

ஆன்லைனில் வாங்குபவர்கள் திருப்பி அனுப்பும் விதியைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 'மாற்றித் தருவோம், பணம் திரும்ப வராது' என்ற விதி இருந்தால், அதே கேமராவைத்தான் இரண்டாவது முறையும் அனுப்புவார்கள். உங்கள் லினக்ஸ் பிரச்சினை அப்படியே இருக்கும். பழைய விமர்சனங்களை மட்டும் நம்பியும் இறங்க வேண்டாம். பெயர் தெரியாத பிராண்டுகளில் வெளிக்கூடு ஒன்றாக இருக்கும், உள்ளே சிப் மாறியிருக்கும்.

'ஃபுல் எச்டி', '12 மெகாபிக்ஸல்'... எதை நம்புவது?

ஒரு சின்னக் கணக்கு. 1080பி என்றால் 1920 x 1080 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 20.7 லட்சம். அதாவது 2 மெகாபிக்ஸல்! 720பி என்றால் 9.2 லட்சம், ஒரு மெகாபிக்ஸலுக்கும் குறைவு. அப்படியிருக்க, 600 ரூபாய் கேமராவின் பெட்டியில் '12 மெகாபிக்ஸல்' என்று போட்டிருந்தால், அது சின்னப் படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கிய கணக்காகத்தான் இருக்கும். இடியாப்ப மாவில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கிய கதை. அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

அடுத்தது லினக்ஸ்காரர்கள் அடிக்கடி மாட்டும் இடம். கேமரா ஓடுகிறது, ஆனால் படம் விட்டு விட்டு வருகிறது. கையை ஆட்டினால் பொம்மலாட்டம் மாதிரி தெரிகிறது. 'லினக்ஸ்னாலே இப்படித்தான்' என்று சலித்துக்கொள்வதற்கு முன் காரணத்தைப் பார்த்துவிடுவோம்.

கேமரா தன் படத்தை இரண்டு விதமாக அனுப்பலாம். ஒன்று, சுருக்காமல் அப்படியே அனுப்புவது. இதற்கு 'ஒய்யுஒய்வி' என்று பெயர். இன்னொன்று, ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் ஆகச் சுருக்கி அனுப்புவது. இது 'எம்ஜேபெக்'. சுருக்காத படத்தில் ஒரு புள்ளிக்கு 2 பைட். 720பி படத்தை நொடிக்கு 30 முறை இப்படி அனுப்பினால் நொடிக்கு சுமார் 55 எம்பி ஆகிறது. யுஎஸ்பி 2.0-ல் கேமராவுக்கென்று ஒதுக்கக்கூடிய பாதையின் கொள்ளளவே நொடிக்கு சுமார் 24 எம்பிதான். 55 எப்படி நுழையும்? அதனால் கேமரா வேகத்தைக் குறைத்து நொடிக்கு 10 படம் மட்டும் அனுப்புகிறது. 1080பி என்றால் 5 படம்தான். முகம் உறைந்து உறைந்து வருவதன் ரகசியம் இதுவே.

தீர்வு எளிது. வாங்கும்போது 'எம்ஜேபெக்' ஆதரவு இருக்கிறதா என்று விவரக்குறிப்பில் பாருங்கள். வாங்கியபின், ஓபிஎஸ் ஸ்டூடியோ அல்லது ஜியுவிசி-வியூ போன்ற இலவச மென்பொருளில் வடிவத்தை எம்ஜேபெக் என்று மாற்றிப் பாருங்கள். பொம்மலாட்டம் நின்றால் கேமராவில் குறையில்லை என்று தெரிந்துவிடும். குரோம் போன்ற பிரவுசர்களில் இதை நாம் தேர்வு செய்ய முடியாது, அவையே முடிவெடுத்துக்கொள்ளும். அதனால்தான் கேமராவில் இரண்டு வடிவமும் இருப்பது முக்கியம்.

என் பட்ஜெட்டுக்கு எது?

விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். தோராயமாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆயிரம் ரூபாய்க்குக் கீழே: பெயர் தெரியாத பிராண்டுகளின் ராஜ்ஜியம். நிறைய கேமராக்கள் லினக்ஸில் ஓடிவிடும். ஆனால் சென்சார் சிறியது, லென்ஸ் சுமார். பகல் வெளிச்சத்தில் பரவாயில்லை, இரவில் முகம் முழுக்கப் புள்ளியாக இருக்கும். திருப்பித் தரும் வசதி இருந்தால் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் உட்பட இங்குள்ள பிராண்டுகளின் 720பி, 1080பி மாடல்கள் கிடைக்கும் இடம். மேலே சொன்ன மூன்று எழுத்து, எம்ஜேபெக் இரண்டையும் மாடல் மாடலாகச் சரிபாருங்கள். ஒரு பிராண்டின் ஒரு மாடல் ஓடுகிறது என்பதற்காக அதே பிராண்டின் இன்னொன்றும் ஓடும் என்று சொல்ல முடியாது.

இரண்டாயிரம் ரூபாய் வாக்கில்: லினக்ஸ் வட்டாரத்தில் வருடக்கணக்காகப் பழகிய முகம் லாஜிடெக் சி270. 720பி, நொடிக்கு 30 படம், யுவிசி, எம்ஜேபெக், உள்ளேயே மைக். செருகினால் ஓடும். பெரிய அழகு கிடையாது. ஃபோகஸ் நிலையானது, அதனால் கை நீள தூரத்தில் உட்காருபவரின் முகம் சரியாகத் தெரியும். அடையாள அட்டையை லென்ஸுக்குப் பக்கத்தில் நீட்டினால் மங்கும். வீடியோ கேஒய்சி, ஆன்லைன் தேர்வு என்று அட்டை காட்டும் வேலை அடிக்கடி வரும் என்றால், கூடுதலாகச் செலவழித்து ஆட்டோஃபோகஸ் உள்ள கேமராவைப் பார்க்கலாம்.

இன்டர்வியூவுக்கு 1080பி அவசியமா? இல்லை. மீட்டிங் செயலிகள் நெட் வேகத்தைப் பொறுத்து படத்தைச் சுருக்கித்தான் எதிர்ப்பக்கம் அனுப்புகின்றன. நல்ல வெளிச்சத்தில் எடுத்த 720பி, இருட்டறையில் எடுத்த 1080பி-யைவிட மேல். கையில் 500 ரூபாய் மிச்சம் இருந்தால் அதை ஒரு டேபிள் லைட்டில் போடுங்கள்.

செலவே வேண்டாம் என்றால்? போன் இருக்கிறதே!

இரண்டாயிரம் ரூபாய் வெப்கேமைவிட உங்கள் பழைய போனின் பின்பக்கக் கேமரா பல மடங்கு நல்லது. திரை கீறல் விழுந்து டிராயரில் கிடக்கும் போனுக்கும் இது பொருந்தும். மூன்று வழிகள் இருக்கின்றன.

1. ஆண்ட்ராய்டு 14-ன் வெப்கேம் வசதி: போனை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்ததும் வரும் நோட்டிஃபிகேஷனைத் தொடுங்கள். 'ஃபைல் பரிமாற்றம்', 'சார்ஜிங்' என்ற பட்டியலில் 'வெப்கேம்' என்று ஒன்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. போன் அப்படியே ஒரு யுவிசி கேமராவாக மாறிவிடும். லினக்ஸில் எதையும் நிறுவ வேண்டாம். கூகுள் பிக்ஸல் போன்களில் இந்த வசதி இருக்கிறது. மற்ற கம்பெனி போன்களில் மாடலைப் பொறுத்தது. கேபிளைச் செருகிப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

2. டிராய்ட்கேம்: போனில் ஒரு ஆப், கணினியில் ஒரு மென்பொருள். வைஃபை மூலமாகவோ கேபிள் மூலமாகவோ இணைக்கலாம். ஐபோனுக்கும் ஆப் உண்டு. இன்டர்வியூ மாதிரி முக்கியமான நேரத்தில் கேபிளே நம்பகமானது.

3. எஸ்சிஆர்சிபிஒய்: ஆண்ட்ராய்டு திரையைக் கணினியில் காட்டும் கட்டற்ற மென்பொருள் இது. 2.2 பதிப்பிலிருந்து போனின் கேமராவையும் கணினிக்கு அனுப்பும். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் வேண்டும். டெர்மினலில் பழக்கமுள்ளவர்களுக்கு ஏற்றது.

இரண்டாவது, மூன்றாவது வழிகளுக்கு லினக்ஸில் ஒரு 'போலிக் கேமரா' உருவாக்கும் லூப்பேக் மாட்யூல் தேவைப்படும். செக்யூர் பூட் இயங்கும் உபுண்டு கணினிகளில் அதை நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி, ரீஸ்டார்ட் ஆகும்போது அதைக் கேட்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது வழக்கமான படிதான். இந்த வேலையை இன்டர்வியூ அன்று காலையில் ஆரம்பிக்காதீர்கள், அவ்வளவுதான்.

வாங்கியாச்சு, ஆனா படம் வரலை. என்ன பண்றது?

பதற வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்.

மூடி: சிரிக்காதீர்கள். லென்ஸ் மேல் நகர்த்தும் மூடி இருக்கும் கேமராக்கள் நிறைய வந்துவிட்டன. லேப்டாப்களில் கேமராவை அணைக்கும் ஒரு பட்டனும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

செருகிய இடம்: யுஎஸ்பி ஹப்பிலிருந்து எடுத்து, நேராகக் கணினியில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில். நீளமான மலிவு எக்ஸ்டென்ஷன் கேபிளும் சிக்கல் தரும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை.

கணினி பார்க்கிறதா: டெர்மினலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சின்ன எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். யுஎஸ்பி-யில் மாட்டியிருக்கும் எல்லாம் பட்டியலாக வரும். அதே கட்டளைக்குப் பின் ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, டி என்ற எழுத்து சேர்த்து அடித்தால், எந்தக் கருவிக்கு எந்த டிரைவர் என்பதும் தெரியும். 'வீடியோ' என்ற வரியில் டிரைவர் 'யுவிசிவீடியோ' என்று இருந்தால், கேமராவும் லினக்ஸும் ஏற்கெனவே கைகுலுக்கிவிட்டன. பிரச்சினை வேறு எங்கோ.

வேறு யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா: லினக்ஸில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் கேமராவைப் பயன்படுத்த முடியும். சோதிப்பதற்காகத் திறந்த 'சீஸ்' செயலியை மூடாமல் ஜூமுக்குப் போனால், ஜூமுக்குக் கறுப்புத் திரைதான். பின்னால் திறந்திருக்கும் பிரவுசர் டேப்களையும் மூடுங்கள்.

இரண்டு கேமரா தெரிகிறதா: ஒரே கேமரா மாட்டியும் வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு தெரியலாம். இரண்டாவது, படத்தோடு வரும் துணைத் தகவலுக்கானது. அதைத் தேர்ந்தெடுத்தால் படம் வராது. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அனுமதி: பிரவுசரின் முகவரிப் பட்டையில் கேமரா ஐகானைத் தொட்டு அனுமதி கொடுங்கள். ஸ்னாப், ஃபிளாட்பேக் வடிவில் நிறுவிய செயலிகளுக்கு சிஸ்டம் செட்டிங்ஸிலும் கேமரா அனுமதி தனியாக இருக்கும்.

படத்தில் கோடு ஓடுகிறதா: டியூப்லைட் வெளிச்சத்தில் குறுக்கே பட்டை பட்டையாக ஓடினால், கேமரா 60 ஹெர்ட்ஸுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஜியுவிசி-வியூவில் 'பவர் லைன் ஃபிரீக்வென்சி' என்ற இடத்தில் 50 என்று மாற்றினால் கோடு மறையும்.

இரவில் மட்டும் திக்குகிறதா: வெளிச்சம் குறைந்தால், படத்தைப் பிரகாசமாக்க கேமரா தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முகத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வையுங்கள். பகலில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் எவ்வளவு விலை கொடுத்த கேமராவிலும் நீங்கள் நிழல்தான்.

லேப்டாப்பில் உள்ளேயே கேமரா இருக்கே, அது ஏன் ஓடலை?

பழைய லேப்டாப்களில் திரைக்கு மேல் இருக்கும் கேமராவும் உள்ளுக்குள் யுஎஸ்பி-யில்தான் இணைந்திருக்கும். அதனால் பெரும்பாலும் சிக்கல் வராது. வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த புதிய லேப்டாப்களில்தான் பிரச்சினை. 2022 வாக்கிலிருந்து வந்த சில உயர் ரக மாடல்களில் கேமராவை யுஎஸ்பி இல்லாமல், இன்டெல்லின் 'ஐபியு6' என்ற படச் செயலிக்கு நேரடியாக இணைத்தார்கள். யுவிசி இங்கே செல்லாது. 2024-ல் வந்த லினக்ஸ் 6.10 கெர்னலில்தான் இதற்கான அடிப்படை டிரைவர் சேர்ந்தது. அதன் மேல் 'லிப்கேமரா' என்ற மென்பொருளும் சேர்ந்தால்தான் படம் வரும். ஃபெடோரா 41 இந்த வகைக் கேமராக்களுக்கு ஆதரவு கொண்டு வந்தது.

லினக்ஸ் போடும் எண்ணத்தோடு புது லேப்டாப் வாங்குபவர்கள் இதை முன்பே விசாரித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் புதிய பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் சரிவராவிட்டால், ஒரு யுவிசி கேமராவை வெளியே மாட்டிக்கொள்வதுதான் மலிவான வழி.

கேமரா ஓடினால் எல்லாம் ஓடுமா?

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. கூகுள் மீட் பிரவுசரிலேயே ஓடும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் தன் லினக்ஸ் செயலியை 2022 இறுதியில் நிறுத்திவிட்டது, இப்போது பிரவுசர் வழியாகப் பயன்படுத்தலாம். ஆனால் மேற்பார்வையோடு நடக்கும் ஆன்லைன் தேர்வுகள் சிலவற்றின் மென்பொருள் விண்டோஸ், மேக் இரண்டில் மட்டுமே இயங்கும். உங்கள் கேமரா எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது திறக்காது. கம்பெனி அனுப்பும் மெயிலில் 'சிஸ்டம் தேவைகள்' என்ற பகுதியை அன்றே படியுங்கள். லினக்ஸ் இல்லை என்றால், ஒரு நாளைக்கு நண்பரின் லேப்டாப்பைக் கேட்டு வாங்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

கடைசியாக ஒரு செக்லிஸ்ட்

* பெட்டியில் யுவிசி அல்லது குரோம் ஓஎஸ் இருக்கிறதா?
* எம்ஜேபெக் வடிவத்தில் 720பி, நொடிக்கு 30 படம் வருகிறதா?
* பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது கடையிலேயே சோதிக்க முடியுமா?
* வாங்கிய அன்றே, எந்தச் செயலியில் இன்டர்வியூ நடக்குமோ அதே செயலியில், எந்த நேரத்தில் நடக்குமோ அதே நேரத்து வெளிச்சத்தில் பார்த்தாயிற்றா?
* மாற்று ஏற்பாடாகப் போனும் கேபிளும் மேசையில் இருக்கிறதா?

இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் கேமரா எத்தனை ரூபாய் என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் எந்த இயங்குதளத்தில் இருக்கிறீர்கள் என்றும் அவருக்குத் தெரியாது. 'ஒரு நிமிஷம் சார், கேமரா ஆன் ஆகலை' என்று சொல்லும் அந்த ஒரு நிமிடம்தான் நம்மைப் பதற வைக்கிறது. நமக்கு வர வேண்டிய பதில் அப்போது மறந்துபோகிறது. அந்த நிமிடத்தை முந்தைய வாரமே கடைவீதியில் செலவழித்துவிட்டால், நாளைக் காலை 11 மணிக்கு நீங்கள் பேச வேண்டியது உங்கள் வேலையைப் பற்றி மட்டும்தான். ஆல் த பெஸ்ட்!